தெல்மா பர்கெட் எழுதிய வரி

ஹாதர்கில் ஊரில் தெல்மா பர்கெட்டைத் தெரியாத வீடு கிடையாது. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனி கொட்டி மேட்டுப் பாதை வழுக்கும் நாட்களில்கூட அவள் வண்டி ஒரு தடவையும் பள்ளத்தில் இறங்கியதில்லை. அவள் ஓய்வு பெற்ற மறு மாதமே, ஊருக்கென்று ஒரு திட்டம் எழுதப்போகிறோம், ஆட்கள் வேண்டும் என்று மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். டீ போட்டுக் கொடுக்கலாமே என்று போனவள் தலைவியாகத் திரும்பி வந்தாள்.

"வேற யாரும் கையைத் தூக்கல, ராய்," என்றாள் கணவனிடம்.

"நீ தூக்கினியா?"

"நான் டீ கெட்டில எடுக்கக் கையை நீட்டினேன். அதையே பிடிச்சுக்கிட்டாங்க."

வீடு எங்கே கட்டலாம், எந்த வயலைத் தொடக் கூடாது என்பதையெல்லாம் ஊரே எழுதிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. ஊரார் வாக்களித்து ஏற்றுக்கொண்டுவிட்டால், கவுன்சில் அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான் கட்ட அனுமதி தர வேண்டும். சம்பளம் ஒன்றும் கிடையாது. தெல்மாவும் இன்னும் ஏழு பேரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். பதில்களைப் பிரித்துப் பார்த்தால் ஊரின் முதல் குறை நாய்ப்பீ. இரண்டாவது குறை, இத்தனை கேள்விகள் கேட்பது. அதிலிருந்து ஒரு புத்தகம் உருவாக ஐந்து வருஷம் ஆனது.

அந்த ஏழு பேரில் கிளிஃப் லண்ட் ஒருவன். எலெக்ட்ரீஷியன், தெல்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். முதல் கூட்டத்திலிருந்தே அவனுக்கு ஒரே பேச்சுதான். ஊருக்குத் தெற்கே லோ குளோஸ் என்று ஒரு சரிவான வயல். வெயில் என்று ஒன்று அந்த ஊரில் அடித்தால் முதலில் அங்கேதான் அடிக்கும். பக்கத்திலேயே மின்கம்பி போகிறது. அங்கே ஊராரே சேர்ந்து சோலார் பேனல் போட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் குடியிருப்புக்கும் அதிலிருந்து மலிவாகக் கரண்டு கொடுக்க வேண்டும்.

"பெரியவங்க வீட்டுக்கு மீட்டர் மாத்தப் போறேன்ல, அப்பப் பாக்கறேன்," என்பான். "ஹீட்டர அணைச்சுட்டு, கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு சோஃபாவுல உக்காந்திருக்காங்க. வெளிய கிளம்பறீங்களான்னு கேட்டா, இல்லப்பா, வீட்லதான் இருக்கோம்ங்கறாங்க."

தெல்மாவுக்கு அது மனசில் தைத்தது. லோ குளோஸில் ஊர்ச் சொந்த மின்சாரத்துக்கு இடம் என்று திட்டத்தில் ஒரு பத்தி எழுதிச் சேர்த்தாள்.

அந்தப் பத்தியைச் சர்ச் லேன்காரர்கள் படித்தார்கள். அங்கே பதினோரு கல்வீடுகள். அவற்றின் முன் ஜன்னலில் நின்றால் லோ குளோஸ் தெரியும், அதைத் தாண்டி மேடு தெரியும். அவர்களுக்காகப் பேச வந்தவர் ஹ்யூகோ ஃபேன்ஷா, ஓய்வு பெற்ற வழக்கறிஞர். குரலை உயர்த்தாத மனிதர். தெல்மாவின் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கப் டீ குடித்தார்.

"உங்க உழைப்ப நான் ரொம்ப மதிக்கிறேன், தெல்மா. வாக்கெடுப்புல இது தோத்துப் போறத நான் விரும்பல. ஆனா எங்க லேன் முழுக்க எதிர்த்து நோட்டீஸ் அடிக்கறதா இருக்காங்க. எங்க ஜன்னல் காட்சிக்காக ஒரே ஒரு வரி சேர்த்துட்டா போதும், அவங்கள நான் சமாதானப்படுத்திடறேன்."

அவர் வரியைச் சொல்லவில்லை. அதை அவளையே எழுதச் சொன்னார். தெல்மா எழுதினாள்: "சர்ச் லேனிலிருந்து மேடு வரை விரிந்திருக்கும் திறந்தவெளிக் காட்சி எக்காரணம் கொண்டும் கெடக் கூடாது." எழுதியதும் அவளுக்கே அது பிடித்திருந்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் கிளிஃப் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"இது நமக்கு நாமளே வச்சுக்கற ஆப்பு."

"மேல உன் பத்தி அப்படியேதான் இருக்கு, பாரு. லோ குளோஸ்னு பேரு போட்டிருக்கு."

"என் பத்தியில 'போடலாம்'னு இருக்கு. இதுல 'எக்காரணம் கொண்டும்'னு இருக்கு. எது ஜெயிக்கும்?"

"நம்ம ஊரு, நம்ம திட்டம். நாம எழுதினத நமக்கு எதிராவா படிப்பாங்க? அஞ்சு வருஷம் உழைச்சிருக்கோம், கிளிஃப். கடைசியில வந்து சண்டை வேண்டாமே."

"உனக்கு என்னைக்குமே சண்டை வேண்டாம்," என்றான் அவன். கையைத் தூக்கச் சொன்னபோது அவன் ஒருவன் மட்டும் தூக்கவில்லை.

வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பேர் திட்டத்தை ஆதரித்தார்கள். கூடத்தில் எலுமிச்சை கேக் வெட்டினார்கள். ஃபேன்ஷா பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

கிளிஃப் அதோடு விட்டுவிடவில்லை. தெல்மாவும் விடவில்லை, அவனைத் தோற்க விடக் கூடாது என்று அவளுக்குள் ஒரு வேகம். இரண்டு பேருமாக மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். வயல்காரர் குத்தகைக்குச் சம்மதித்தார். முந்நூறு குடும்பங்கள் பங்கு வாங்கின. எடித் மோஸ் என்ற விதவை, தன் கல்லறைக் கல்லுக்காக எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் உயிரோட இருக்கறப்ப சூடா இருந்துக்கறேன். அப்புறம் கல்லு எதுக்கு?" என்றாள்.

விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போன நாளில் எதிர்த்துப் பேச ஒருவர்தான் எழுந்தார். ஃபேன்ஷா. கையில் ஊர்த் திட்டப் புத்தகம். நாற்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்து அந்த வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"இது நான் எழுதினதில்ல. திருமதி பர்கெட் எழுதினது. இதைவிட அழகா என்னால எழுதியிருக்க முடியாது."

தெல்மாவுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"எழுதினது நான்தான். பேனலை மனசுல வச்சுக்கிட்டு எழுதல. அதுக்குத்தான் தனியா ஒரு பத்தி இருக்கு. எனக்குத் தெரியும் நான் என்ன நினைச்சு எழுதினேன்னு."

கவுன்சில் கமிட்டியின் தலைவர் பரிவோடுதான் சொன்னார். "நீங்க என்ன நினைச்சீங்கங்கறது எங்களுக்கு முன்னாடி இல்லீங்க, மிஸஸ் பர்கெட். என்ன எழுதியிருக்கீங்கங்கறதுதான் இருக்கு."

ஏழுக்கு இரண்டு என்ற வாக்கில் விண்ணப்பம் தோற்றது. வெளியே வாசற்படியில் கிளிஃப் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தான். அப்போதே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அவளைப் பார்க்காமலே படியிறங்கி, அவள் காரைத் தாண்டி நடந்து, பேருந்துக்காகப் போய் நின்றான்.

சங்கத்தைக் கலைத்துப் பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எடித் மோஸ் பிப்ரவரியில் இறந்தாள். கல் வைத்தார்கள்.

குத்தகையை நம்பியிருந்த வயல்காரர் லோ குளோஸை விற்றுவிட்டார். வாங்கியது வீடு கட்டும் கம்பெனி. தொண்ணூறு வீடுகளுக்கு விண்ணப்பம் வந்தது. கவுன்சில் அதே வரியைக் காட்டி மறுத்தது. அன்றைக்குத் தெல்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுதியது ஏதோ ஒன்றுக்காவது உதவியதே என்று. கம்பெனி மேல்முறையீடு செய்தது. வேறொரு நகரத்திலிருந்து ஒரு அரசாங்க அதிகாரி வந்து, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சர்ச் லேனில் இப்படியும் அப்படியும் நடந்துவிட்டுப் போனார். ஏழு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. காட்சி கெடும் என்பது உண்மையே. ஆனால் வட்டாரத்தில் வீடுகள் போதவில்லை. அந்தத் தேவைக்கு முன்னால் காட்சி சிறிய விஷயம். அனுமதி.

தெல்மா அதைச் சமையலறை மேஜையில் வைத்து உரக்கப் படித்தாள். ராய் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"அப்போ அந்த வரி எதுக்குத்தான் இருக்கு?"

"நம்மள நிறுத்தறதுக்கு," என்றாள்.

இயந்திரங்கள் வருவதற்கு முன்பே ஃபேன்ஷா வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். வீட்டு விற்பனை விளம்பரத்தில் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தைத்தான் முதலில் போட்டிருந்தார்கள்.

கிளிஃபுக்கு நுரையீரல் கெட்டது. அவனும் முதியோர் குடியிருப்புக்கே போனான். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெல்மா பட்டாணி சூப் வைத்துக் கொண்டுபோனாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹீட்டர் அணைந்திருந்தது.

"என்மேல இன்னும் கோபமா, கிளிஃப்?"

"கோபம் எப்பவோ போயிடுச்சு. யோசிச்சுப் பாத்தேன். நீ கெட்டவ இல்ல. எல்லாருக்கும் நல்லவளா இருக்கப் பாத்த. அந்தாளு டீ குடிக்க வந்தாரு, அவருக்கும் நல்லவளா இருந்த."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவன் கொஞ்ச நேரம் இருமினான். "என்கிட்ட ஏன் கேக்கற? எனக்கென்ன, சாகப் போறவன். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேரு இருக்காங்க. அவங்களக் கேளு. சூப்ப வச்சுட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தாள். ஒன்பது கதவுகளையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது. மே மாதத்தில் அவன் போய்ச் சேர்ந்தான்.

அந்தக் கோடையில் கம்பெனியிடமிருந்து தடித்த உறையில் கடிதம் வந்தது. ஊருக்கு அவள் ஆற்றிய தொண்டைப் பாராட்டி, லோ குளோஸில் போட்டிருக்கும் முதல் தெருவுக்கு "பர்கெட் குளோஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். ராய் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். வேண்டாம் என்று கவுன்சிலுக்கு எழுதினாள். பெயர் பதிவாகிவிட்டது, தீயணைப்புக்காரர்களுக்கும் தபாலுக்கும் போய்விட்டது, மாற்ற வேண்டுமென்றால் தெருவில் குடியிருப்போர் எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது, கூடவே ஒரு படிவம்.

படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் முதல் வீட்டின் மணியை அடித்தாள். நர்ஸ் சீருடையில் ஒரு பெண் திறந்தாள், இடுப்பில் குழந்தை.

"பர்கெட்டா? நீங்கதானா அது? உள்ள வாங்க, உள்ள வாங்க! ஜோ, யாரு வந்திருக்காங்க பாரு!"

குழந்தையைத் தெல்மாவின் மடியில் வைத்துவிட்டு டீ போடப் போனாள். பேச்சு நிற்கவில்லை. ஊர் பிடித்திருக்கிறதாம். குளிர்காலத்துக் கரண்டு பில்தான் மூச்சை அடைக்கிறதாம்.

"கூரையில பேனல் போட்டுக்கலாமான்னு கம்பெனியக் கேட்டோம். கூடாதாம். வீட்டுப் பத்திரத்துலயே எழுதியிருக்காம், முன்பக்கம் ஒரே மாதிரி தெரியணும்னு. இதெல்லாம் யாருகிட்டப் போய்ச் சொல்றது? ஊர்ல கமிட்டி மாதிரி எதாவது இருக்கா?"

"இருந்துச்சு," என்றாள் தெல்மா.

குழந்தை பைக்குள் கையை விட்டுப் படிவத்தை இழுத்தது. அதை மெல்ல வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, டீயைக் குடித்து முடித்து, குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வீட்டு மணியை அடிக்கவில்லை.