சீனிவாசராகவனின் அமைதிப் பலகை

சிரிப்பதற்கு முன்பே, இது கணக்கில் வருமோ என்று எங்களை யோசிக்க வைத்த மனிதர் சீனிவாசராகவன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். பெங்களூர் மர்பி டவுனுக்குப் பின்னால், ஏரி தெரியும் என்று சொல்லி விற்ற கட்டடம் இது. ஏரி தெரியவில்லை, பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. அவரும் நானும் ஏ பிளாக். என் வீட்டுக்கு நேர் மேலே அவர் வீடு.

பாட்டனார் காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். பரம்பரையாக சர்க்கார் உத்தியோகம். இவர் புள்ளிவிவரம் எடுக்கும் வேலையில் இருந்தார். மழை எவ்வளவு, ராகி எவ்வளவு, மாடு எவ்வளவு என்று ஊர் ஊராகப் போய் எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவருக்கு, எண்ணுவதற்கு நாங்கள்தான் மிச்சம். கெட்டவர் என்று சொல்லவே மாட்டேன். தண்ணீர் லாரி வராத நாளில் வாசலில் நின்று ஒவ்வொரு லாரிக்காரனாகக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருப்பவர் அவர்தான். ஆனால் ஒரு விஷயத்துக்கு எண் இல்லையென்றால், அப்படி ஒரு விஷயமே உலகத்தில் இல்லை அவருக்கு.

"சண்டை சண்டைங்கறேள். எவ்ளோ சண்டை? யாராலே? நேக்கு நம்பர் வேணும்" என்பார்.

அப்படித்தான் அமைதிப் பலகை பிறந்தது. புகார்களைப் போனிலேயே பதிய எங்களுக்கு ஏற்கெனவே ஓர் ஆப் இருந்தது. எந்த வீட்டின் மேல் எத்தனை புகார் என்று மாதாமாதம் கூட்டி, லிஃப்டுக்குப் பக்கத்தில் பலகையில் போட ஆரம்பித்தார். புகார் இல்லாத வீடு பச்சை, எக்கச்சக்கமாக இருந்தால் சிவப்பு. தொடர்ந்து சிவப்பில் இருப்பவர் வாடகைக்கு இருப்பவரென்றால், காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளருக்குச் சங்கம் கடிதம் எழுதும். சொந்த வீடென்றால் கூப்பிட்டு, காபி கொடுத்துப் பேசும். இந்த ஓரவஞ்சனை பொதுக்குழுவில் ஏகமனதாக நிறைவேறியது. ஏன் நிறைவேறாது? ஓட்டு சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தானே.

சிவப்பில் மாட்டியது பி பிளாக்கில் தாரணியின் வீடு. திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். அவளும் கணவன் அஷ்வினும் ஐ.டி. வேலை. ஐந்து வயதில் ஒரு மகள், ஸ்னேஹா. அந்தக் குழந்தை நடந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை, எப்போதும் ஓட்டம்தான். அவர்கள் மேல் வந்த புகார் அத்தனையும் கீழ்வீட்டு லீனா எழுதியவை. லீனா மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ், தனியாக இருப்பவர். 'மேலே குதிரை ஓடுது' என்று ஒரு நாள் எழுதுவார். 'பந்து என் ரோஜாத் தொட்டியில விழுந்துச்சு' என்று இன்னொரு நாள். 'ஹாலுக்குள்ள சைக்கிள் ஓட்டுறா, கேக்க ஆளில்லையா?' என்று அடுத்த நாள்.

சீனிவாசராகவன் விதிப்படி கடிதத்தை அனுப்பினார். வீட்டு உரிமையாளர் துபாயில் இருக்கிறார். இன்னொரு மாதம் சிவப்பு வந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாரணியிடம் போனில் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் அந்த வீட்டின் மேல் ஒரு புகார்கூட இல்லை. பலகையில் பச்சை. செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தேளோல்லியோ? அளந்தா எல்லாம் சரியாயிடும்" என்று லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்குச் சங்கம் போடும் விழா மலரில் இதைப் போட வேண்டுமாம். எழுதுகிற ஆள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு, லீனாவிடம் நாலு நல்ல வார்த்தை வாங்கப் புறப்பட்டார்.

கதவைத் திறந்த லீனாவின் முகம் நன்றாக இல்லை.

"மேடம், இப்போ மேலே சத்தம் இல்லையே? நிம்மதியா இருக்கேளா?"

"நிம்மதியா? யார் சார் சொன்னது உங்களுக்கு?" என்று வெடித்தார் லீனா. "எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கு மேல. அந்தப் பாப்பாவுக்கு என்ன ஆச்சு? ஒடம்பு சரியில்லையா? தாரணியக் கேட்டா மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்குது."

"நீங்கதானே மேடம் அவா மேலே இத்தனை கம்ப்ளெயிண்ட் போட்டேள்?"

"போட்டேன். இன்னமும் போடுவேன். காலையில நான் கத்துவேன், மத்தியானம் ஸ்கூல் விட்டா அது நேரா இங்கதான் வரும். சோறு ஊட்டி, தூங்க வெச்சு, அதோட அம்மா ஆபீஸ்லருந்து வர்ற வரைக்கும் என்கூடதான் இருக்கும். இப்ப எங்கியோ கொழந்தைங்கள பாத்துக்கற கிரஷ்ல விட்டுட்டாங்க. நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

லீனா இருப்பது முதல் மாடி. முழங்காலுக்கு நல்லது என்று படியில்தான் ஏறுவார், இறங்குவார். லிஃப்டுப் பக்கத்துப் பலகையை அவர் நின்று பார்த்ததே இல்லை, பொதுக்குழுவுக்கும் போனதில்லை. சீனிவாசராகவன் மென்று முழுங்கி விதியைச் சொன்னார், கடிதத்தைச் சொன்னார்.

"காலி பண்ணச் சொன்னீங்களா? என் பேர வெச்சா?" லீனா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பொண்ணு என்னப் பத்தி என்ன நெனச்சிருக்கும்! மனசு ரொம்ப பேஜாரா இருக்கு சார். போங்க, போயிடுங்க."

வெளியே வந்தோம். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது. முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

"நம்ம பிளாக் எப்பவும் பச்சைதான். யாரும் யாரைப் பத்தியும் எழுதினதே இல்லை" என்றார், தனக்குத்தானே.

"எழுதறதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேராவது தெரியணுமே சார்" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அவர் படிப்பக்கம் திரும்பினார். கீழே இறங்குவார் என்று நினைத்திருந்தேன், மேலே போனார்.

தாரணி கதவைத் திறந்ததும் செயலாளரைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். "அங்கிள், இந்த மாசம் ஒரு சத்தமும் வரலயே? பாப்பாவுக்கு வீட்டுக்குள்ளயே சாக்ஸ் போட்டுத்தான் விட்டிருக்கேன்." ஹால் முழுக்க, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை மெத்தை விரித்திருந்தது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய துணி சுற்றியிருந்தது. டி.வி. ஓடியது, சத்தம் இல்லை. குழந்தை ஒரு மூலையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"கடுதாசியை நான் வாபஸ் வாங்கிண்டுடறேன். ஓனர்கிட்ட நானே பேசறேன். பலகையும் இன்னியோட சரி" என்றார் சீனிவாசராகவன். "லீனா மேடம் கீழே அழுதுண்டிருக்கா, தெரியுமோ?"

"தெனமும் எழுதினாங்களே அங்கிள்?"

"எழுதினா. உங்களைப் போகச் சொல்லி எழுதலையே. அதை நான்தானே சேர்த்துண்டேன்." குழந்தையின் பக்கம் திரும்பினார். "நீ ஓடும்மா. எப்பவும் போல ஓடு."

ஸ்னேஹா எழுந்தாள். நுனிக்காலில் நடந்து அவரிடம் வந்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க தாத்தா" என்றாள் ரகசியக் குரலில். "சத்தம் போட்டா வீடு போயிடும்."

மழையையும் மாட்டையும் எண்ணிய மனிதர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். குனிந்து மெத்தையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். தரை தெரிந்த இடத்தில், இரண்டு கால்களையும் சேர்த்துத் தொம்மென்று குதித்தார். மறுபடி குதித்தார். தாரணி பதறிப்போய், "அங்கிள், அங்கிள்" என்றாள். அவர் நிறுத்தவில்லை. வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

கீழே பால்கனியிலிருந்து லீனாவின் குரல் கிளம்பியது. "யாரது மேல? ஸ்னேஹா! நீதானாடி?"

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். தாரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். ஸ்னேஹா உட்கார்ந்து இரண்டு சாக்ஸையும் உருவி எறிந்துவிட்டுப் படியில் ஓடினாள்.