கரண்டியக்கா காட்டும் ஊர்

கைப்பிடிக் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் பேருந்து நேரே செல்ல வேண்டும். இரு தட்டு என்றால் திரும்ப வேண்டும். தட்டுபவர் ஊர் சுற்றிக் காட்டும் கரண்டியக்கா; ஓட்டுபவர் அவருடைய கணவர். "வீட்ல வாயால சொன்னா காதுலயே விழாது. இதுக்குத்தான் அடங்குவார்," என்று பயணிகளிடம் சொல்லிவிட்டுக் கரண்டியக்கா அன்றைய சுற்றைத் தொடங்குகிறார்.

ஊர் சுற்றிக் காட்டுபவர்கள், கூட்டத்தில் தம் ஆட்கள் தொலையாதிருக்க வண்ணக் குடையை உயர்த்திப் பிடிப்பது வழக்கம். இந்நகரில் அது ஆகாது. சிவப்புக்கு ஒரு கட்சி உண்டு, பச்சைக்கு மற்றொன்று, மஞ்சளும் நீலமும்கூட மீதமில்லை. தேர்தல் சமயத்தில் நீலக் குடை பிடித்து நடுச்சந்தையில் வசவு வாங்கிய மறுநாள், சமையலறையிலிருந்து இந்த நீளக் காம்புக் கரண்டியை எடுத்து வந்தார். வெயிலில் அது நன்றாக மின்னுகிறது. "இதை எந்தக் கட்சிக்காரனும் எங்களுதுன்னு கேக்கமாட்டான். கேட்டா சமைக்கச் சொல்லிடுவாங்களே!"

குட்டையான உருவம், துணிக் காலணி, தொண்டை கட்டாமலிருக்கக் கன்னத்தில் அடக்கிய கிராம்பு. "நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்காத பயணி இல்லை. "இவங்க ஆட்சிக்கு வந்தா தெரு பளபளன்னு இருக்கும், ஆள் இருக்காது. அவங்க வந்தா ஆள் இருக்கும், தெருவே தெரியாது. வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு ரெண்டும் வேணும்ல?" என்பார்.

அவருடைய சுற்றில் பயணிகள் மிகுதியாகச் சிரிக்கும் இடம் ஒரு குறுகிய தெரு. அங்கே எதிரெதிரே இரண்டு சலூன்கள். உரிமையாளர்களில் ஒருவரின் தங்கையை மற்றவர் மணந்திருக்கிறார்; ஆனால் கட்சியால் இருவரும் எதிரிகள். கத்தி கையிலிருக்கும்போதே தெருவைத் தாண்டிப் பேச்சுப் பறக்கும்.

"மாப்ளே, உங்காளுங்க வந்ததும் ஒன்பது மணிக்கே ஊரு படுத்துடுச்சு! ஊரு பாக்க வந்தவங்க ரூமு சுவத்தைச் சுத்திப் பாத்துட்டுப் போறாங்க!"

"உங்க காலத்துல விடிய விடியப் பாட்டு. அந்தப் பாட்டுல பர்ஸு போனதுகூட யாருக்கும் தெரியலயே, மச்சான்!"

பாதி முகத்தில் நுரையோடு அமர்ந்திருக்கும் பயணி, யார் பக்கம் சேர்வதென்று அறியாமல் இருவருக்கும் தலையாட்டுவார். "ஆட்டாதீங்க சார், காது போயிடும்!" என்று இரு கடைகளிலிருந்தும் ஒரே குரல் எழும். இரு கட்சிகளும் ஒத்துப்போகும் இடம் அது ஒன்றுதான்.

சென்ற வாரம் நகராட்சியின் சுற்றுலா அதிகாரி பேருந்தில் ஏறி முன்வரிசையில் அமர்ந்தார். பேருந்தின் அனுமதி இம்மாதத்தோடு முடிகிறது; புதுப்பித்துக் கையெழுத்திட வேண்டியவர் அவரே. அது கிடைக்காவிட்டால் கணவன், மனைவி இருவருக்கும் வேலையில்லை.

"அந்த சலூன் தெருவை இனிமே விட்டுடுங்கம்மா. வெளியாளுங்க முன்னாடி நம்ம சண்டை எதுக்கு? நேரா புதுப் பூங்காவுக்குப் போங்க. நம்ம மேயர் கட்டினது."

கடிந்து சொல்லவில்லை, வேண்டுகோள் போலத்தான் சொன்னார். பூங்காவும் அழகானதே. புல்வெளியில் ஒரு தாள்கூடக் கிடக்காது. அங்கே இறங்கும் பயணிகள் ஒரு சுற்று நடந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

சலூன் தெரு முனை நெருங்கியது. கணவர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். "இன்னிக்கு ஒரு நாள் நேராவே போயிடலாமே," என்று முணுமுணுத்தார். கரண்டி கம்பியில் ஒருமுறை தட்டியது. பேருந்து முனையை நோக்கி நேரே ஊர்ந்தது.

அப்போது பின்னிருக்கையிலிருந்து, தலையில் ஒரு முடிகூட இல்லாத பெரியவர் எழுந்து நின்றார். "ஏம்மா, அந்த சலூன் தெரு எப்ப வரும்? போன வருஷம் வந்துட்டுப் போன என் தங்கச்சி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா!"

கரண்டியக்கா கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பெரியவரின் வழுக்கையைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் முகவாயைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"சார், ரெண்டு நாளா ஷேவ் பண்ணலபோல."

அவர் தாடையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே, கரண்டி கம்பியில் இரண்டாவது தட்டைத் தட்டியது.