ஜெபசிங் அண்ணன் சொல்லாத ரிசல்ட்

லேப் ஜெபசிங் அண்ணன் இன்று காலையில் இறந்துவிட்டார்.

சபை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் கைகூப்புகிற படமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை... அதனால் இங்கே, என் பக்கத்தில் எழுதுகிறேன்.

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டில் இருந்து நாலு வீடு தள்ளி அவர் வீடு. நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தார். ஒரே சபை, ஒரே தெரு.

சர்ச்சில் அசன விருந்து என்றால் பந்தியில் பாயச வாளியோடு வருவது அவர்தான். வாளியைத் தூக்கிக்கொண்டே சபை முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொருத்தர் ரிசல்ட்டையும் சொல்வார்.

"சாரே, உங்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடியே நூத்தி எண்பது. பாயசம் கெடையாது, மோரு குடிச்சிட்டு எந்திரிங்க."

ஒருத்தருக்கும் கோபம் வராது, சிரித்துக்கொண்டே மோருக்குக் கை நீட்டுவார்கள். அந்த வாயில் பொய் வராது என்று ஊரே நம்பியது. நானும்தான்.

கொரோனா இரண்டாம் அலை. என் வீட்டுக்காரர் எட்வினை நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கும் பாசிட்டிவ்... இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன்.

வார்டுக்குப் போன் அடித்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் எட்வினிடம் தினமும் எடுக்கிற ரத்தம் ஜெபசிங் அண்ணன் லேபுக்குத்தான் போனது.

டி-டைமர், சி.ஆர்.பி, ஃபெரிட்டின்... இந்தப் பெயரெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏறிக்கொண்டே போனால் ஆபத்து, இறங்கினால் ஆள் தேறிவிடுவார் என்று சொல்லித் தந்ததும் அவர்தான்.

சாயங்காலம் ஆனால் அவர் போன் வரும். "கொறஞ்சிட்டு வருது மக்களே. பயப்படாத, கேட்டியா."

எனக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் தூக்கம். வாசனையே தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு மீன் குழம்பு கூட வைத்தேன்.

ஒருநாள் ராத்திரி எட்வின் வார்டில் யாருடைய போனையோ வாங்கிக் கூப்பிட்டார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "ஏட்டி... உன்கிட்ட ஒரு காரியம் சொல்லணும்..."

"இப்ப ஒண்ணும் பேசாதீங்க, மூச்சு வாங்குதுல்லா. ரத்தத்துல எல்லாம் கொறஞ்சிட்டு வருதாம். வீட்டுக்கு வந்து ஆற அமரப் பேசலாம்" என்றேன். நானேதான் போனை வைத்தேன்.

விடிவதற்குள் போய்விட்டார். அது என்ன காரியம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உடம்பு தேறியபிறகு, ஆஸ்பத்திரிப் பேப்பர்களை வாங்கப் போனேன். டாக்டர் நல்ல மனுஷர், உட்கார வைத்துப் பேசினார்.

"முதல் நாள்ல இருந்தே ஏறிட்டேதான் இருந்தது. தேறுறது கஷ்டம்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லியிருந்தேனே... சொல்லியாச்சுன்னு ஜெபசிங் சொன்னாரே?"

நேராக லேபுக்குப் போனேன். ரத்தம் கொடுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"நீயும் சொகமில்லாம கெடந்த. கையில ரெண்டு பிள்ளையள். நீ தகர்ந்து போவியேன்னு நெனச்சேன் மக்களே" என்றார்.

"தகர்ந்துதான் போயிருப்பேன். ஆனா அவரப் பேச விட்டிருப்பேன்லா அண்ணே?"

அவர் கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

அதன்பிறகு அவரோடு நான் பேசியதில்லை. அசனத்தில் அவர் வாளி பக்கத்தில் வந்தால் இலையை மடக்கிவிடுவேன். ஊரார் சர்க்கரையை மைக் இல்லாமல் சொன்ன மனுஷன், எனக்கு மட்டும்தானே வாயைப் பொத்திக்கொண்டார்!

கடைசியில் அவருக்கே ரத்தத்தில் கேன்சர் வந்தது. தன் ரத்தத்தைத் தானே மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார். "கொறஞ்சிட்டு வருது" என்று அவரிடம் யார் கதை விட முடியும்?

மஸ்கட்டில் இருந்த மகனை வரவழைத்தார். போதகரைக் கூப்பிட்டுக் கட்டிலில் இருந்தபடியே திருவிருந்து எடுத்தார். மனைவி, மகன், மருமகள் என்று ஒவ்வொருத்தரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாராம். என்னைக் கூப்பிடவில்லை.

"என்ன ஒரு பாக்கியமான மரணம்" என்று குரூப்பில் எழுதுகிறார்கள். பாக்கியம்தான்... யார் இல்லை என்றது? அதில் ஒரு பத்து நிமிஷம் எட்வினுக்கும் எனக்கும் தந்திருக்கலாம். தன் வீட்டுக்கு என்றால் உண்மை, என் வீட்டுக்கு என்றால் ஆறுதலா?

நாளை சாயங்காலம் அடக்க ஆராதனை. வருவேன். ஆனால் கல்லறைக் குழியில் ஒரு பிடி மண் போட மட்டும் என்னை யாரும் கூப்பிட வேண்டாம்.

அண்ணே... அங்கே எட்வினைப் பார்ப்பீர்கள். "அவ வேணும்னு போனை வைக்கல, நான்தான் அவகிட்ட பொய் சொன்னேன்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

போய் வாருங்கள்.