இங்கே எல்லோரும் சுகம்

நண்பருக்கு எழுதும் இங்கிலீஷ் கடிதத்தில் நல்ல செய்தி மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது கிளாடிஸ் டீச்சரின் கட்சி. முதலில் அவருடைய சுகத்தை விசாரிக்க வேண்டும். பிறகு நம் சுகம், வானிலை, வீட்டு விசேஷம், சிரிக்க ஒரு சங்கதி, கடைசியில் அன்பு. புலம்பல், குறை, கெஞ்சல் எதுவும் கூடாது. அவரோ தூரத்தில் இருக்கிறார், இதையெல்லாம் படித்து அங்கிருந்து என்ன செய்துவிட முடியும்? சாந்தோமில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து நாலாம் பாரத்துப் பெண்கள் இதை ஜபம் போல ஒப்பிப்பார்கள். சித்திரை மாதத்தில் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்துகொண்டு, வானிலை இனிமையாக இருக்கிறது என்று எப்படித்தான் கூசாமல் எழுதினார்களோ!

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் கிளாடிஸுக்கு அடுத்த வீடு லூயிசாம்மாவுடையது. பீடத்துத் துணிகளையும் சாமியாரின் அங்கிகளையும் வெளுத்துக் கஞ்சி போட்டுப் பெட்டி போடுவது அவள் பிழைப்பு. புருஷன் இல்லை. ஒரே மகன் மரியதாஸ், பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். தமிழில் எழுதினால் தணிக்கை ஆபீசில் படிக்க ஆள் கிடைக்காமல் மாதக் கணக்கில் கிடக்கும் என்று தெருவில் ஒரு பேச்சு. நிஜமோ பொய்யோ, லூயிசாம்மா நம்பினாள். கிளாடிஸிடம் வந்தாள்.

கிளாடிஸுக்கு அவன் வயதுதான். கோயில் பாட்டுக் குழுவில் இரண்டு பேரும் ஒன்றாகப் பாடியவர்கள். தாயார் எழுதுவது போல இங்கிலீஷில் எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே தன் பெயரிலேயே, “மை டியர் மரியதாஸ்” என்று தொடங்கி, சிநேகிதிக் கடிதமாக எழுதினாள். சந்தில் இதற்கும் ஒரு கதை கட்டினார்கள். கட்டட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா!

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் காலியானது. மயிலாப்பூர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு பூட்டு. போக இடமில்லாதவர்கள் தங்கினார்கள். லூயிசாம்மா தங்கினாள். ராத்திரியில் விளக்கு வைக்கக்கூடாது. அவளுக்கு அப்போதுதான் மூச்சிரைப்பும் ஆரம்பித்திருந்தது.

“எய்து டீச்சரு,” என்றாள். “தெருவே வெறிச்சுனு கீது. பயமா கீது. நெஞ்சு இய்க்குது. லீவு கேட்டுக்கினு ஒரு தபா வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போவச் சொல்லு.”

“எழுதறேன் பெரியம்மா,” என்றாள் கிளாடிஸ்.

எழுதினாள். இங்கே எல்லோரும் சுகம். தெரு அமைதியாக இருக்கிறது. கடல் காற்று இதமாக வீசுகிறது. உங்கள் அம்மா உற்சாகமாக இருக்கிறார்கள், உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறார்கள். அவள் நெஞ்சறிந்து பொய் சொல்லவில்லை. கடிதம் என்றால் அவளுக்கு அப்படித்தான் எழுத வரும். ஒவ்வொரு தடவையும் லூயிசாம்மா வரச் சொல்லு என்றாள். ஒவ்வொரு தடவையும் அது இங்கிலீஷில் ஏறாமல் நின்றுபோயிற்று.

கார்த்திகை மாதம் தந்தி வந்தது. முகாம் ஆஸ்பத்திரியில் விஷ ஜுரத்தில் மரியதாஸ் போய்விட்டான். அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. லூயிசாம்மா கத்தி அழுதாள். கிளாடிஸுக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனாள், பாடம் நடத்தினாள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். குழம்பில் உப்பில்லை என்று அவள் அப்பா சொன்னபோதுதான் அவளுக்கும் தெரிந்தது. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அதற்கப்புறம் அவன் கடிதம் ஒன்று வந்தது. ஜுரத்துக்கு முன்னால் எழுதிக் கப்பலில் போட்டது. லூயிசாம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “படி,” என்றாள்.

கிளாடிஸ் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். லீவு முறை அவனுக்குத்தான் முதலில் வந்ததாம். கூட வேலை பார்க்கும் தங்கவேலுவின் தாயார் உடன்குடியில் படுத்த படுக்கையாம். “நம் வீட்டில்தான் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களே. அதனால் என் லீவை அவனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த முறையில் வருகிறேன்.” உடன்குடி விலாசம் கீழே இருந்தது. அந்த அம்மாள் உடம்பு எப்படி என்று கிளாடிஸ் ஒரு வரி விசாரித்து எழுத வேண்டுமாம்.

லூயிசாம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“நா வரச் சொன்னத படிச்சிட்டுமா லீவ வுட்டுக் குடுத்தான்?”

கிளாடிஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் எழுதிய கடிதங்களில் என்ன இருந்தது என்று சொல்ல வேறு யாரும் இல்லை. ஆனால் மூடிக்கொண்டால், பெற்றவள் கூப்பிட்டும் வராத பிள்ளை என்ற பேர் செத்துப்போனவன் தலையில் விழும்.

“அவர் படிக்கல பெரியம்மா. நான் எழுதல.”

“ஒரு தபாகூடவா?”

“ஒரு தடவைகூட எழுதல.”

லூயிசாம்மா அவளையே பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கிளாடிஸ் காத்திருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

“அப்போ எம்மவன் தெரியாமத்தான் வுட்டுக் குடுத்துட்டான்,” என்றாள் லூயிசாம்மா. “அவன் மேல தப்பில்ல.”

எழுந்து போனாள். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறும் சத்தம் கேட்டது.

கிறிஸ்துமஸ் வந்து போனது. லூயிசாம்மா கோயிலில் பார்த்தால் தலையை அசைப்பாள், தனக்கு வந்த பணியாரத்தில் பாதியைக்கூடக் கொடுத்தனுப்பினாள். திட்டு மட்டும் வரவேயில்லை. கிளாடிஸ் பணியாரத்தைத் தின்றாள். ருசி தெரியவில்லை.

தவக் காலத்தில் ஒரு சாயங்காலம் லூயிசாம்மா தானாகவே வந்தாள். மூச்சு வாங்கியது. தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த உடன்குடி அம்மாவுக்கு ஒரு காயிதம் எய்தணும்.”

கிளாடிஸ் பேனாவை எடுத்தாள்.

“தமிழ்ல எய்து. நா சொல்றத அப்டியே எய்து.”

“சரி பெரியம்மா.”

“எம் மவன் லீவுலதான் உங்க மவன் வந்தாரு. எம் மவன் இப்ப இல்ல. நீங்க பொயச்சிக்கினீங்களா, இன்னான்னு தெரியல. உங்க மவன் எப்பனா இந்தப் பக்கம் வந்தா, என் வூட்டாண்ட ஒரு தபா வரச் சொல்லுங்க. மூஞ்சப் பாத்துக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “எய்திட்டியா?”

“எழுதிட்டேன்.”

“படி.”

கிளாடிஸ் படித்தாள். ஒரு எழுத்தும் மாறவில்லை. “வரச் சொல்லுங்க” என்ற இடத்துக்கு வந்ததும் படிப்பு நின்றுபோயிற்று. லூயிசாம்மா பொறுத்திருந்தாள். மறுபடியும், “படி,” என்றாள்.