பக்கிளின் கழுத்தைத் தொட ஒரு கை

மேகலாவைப் புருஷனும் பிள்ளைகளும் கட்டிப்போட்டிருந்தால் ஊரில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு இரண்டும் இல்லை. அவளைக் கட்டிப்போட்டது ஒரு நாய். அதுவும் கழுத்தில் சங்கிலிகூடப் போட முடியாத நாய்.

பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை அவளுக்கு. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போகும்; மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் போகவில்லை. சூப்பர்வைசரிடம் ஒரு பொய், டாக்டரிடம் ஒரு பொய். நிஜக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்.

காரணத்தின் பெயர் பக்கிள். ஒருநாள் வேலை முடிந்து பைபாஸில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டபோது, முள்புதருக்குள் முனகிக்கொண்டு கிடந்தது. கழுத்தில் எவனோ வண்டி கிளட்ச் வயரைச் சுற்றி முறுக்கியிருந்தான்; வயர் சதைக்குள் இறங்கிவிட்டது. கூட வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். மேகலா பையிலிருந்த கட்டரை எடுத்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், மண்ணில் உட்கார்ந்து வயரை வெட்டினாள். அன்றைக்கு அவள் பின்னால் நடந்து வந்ததுதான், திரும்பிப் போகவே இல்லை.

உயிர் பிழைத்தது, புண் மட்டும் முழுசாக ஆறவில்லை. காலையும் மாலையும் துடைத்து மருந்து போட வேண்டும். ஒருநாள் தவறினால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். மருந்து போட மேகலாவின் கை மட்டும்தான் ஆகும். வேறு யார் கை கழுத்துப் பக்கம் வந்தாலும் பல் வெளியே வந்துவிடும். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தெருமுனையிலேயே நின்று போன் அடிப்பார்.

கலவை ஊரில் இருக்கும் அக்கா போனில் கத்தினாள். "நாயா நீயா, இன்னாதான்டி முடிவு?"

மேகலா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஒரே அறை, ஒரே ஜன்னல், வாசலை மறித்துப் படுத்திருக்கும் நாய். ஒருநாள் வலி தாங்காமல் அதன் மேல் எரிந்து விழுந்தாள். "சனியனே, உன்ன யாரு என் பின்னாடி வரச் சொன்னது?" அது வாலைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்தது. மேகலா அழுதாள். இதை விட்டுவிட்டும் போக முடியாது, இதோடு கிடந்து சாகவும் முடியாது.

அடுத்த மேசையில் ஒட்டுகிற அமிர்தவள்ளிதான் வழி சொன்னாள். "கம்பெனில நாம இத்தினி பேரு கீறோம். ஒருத்தி மாத்தி ஒருத்தி வந்து பழக்குவோம். அதுவும் இன்னாதான் பண்ணும், பாப்போம்."

அப்படியே நடந்தது. சாயங்காலம் பஸ் நின்றதும் யாராவது ஒருத்தி, ஏப்ரனும் அசதியுமாக, வீட்டுக்குப் போகாமல் நேரே மேகலாவின் வாசலுக்கு வருவாள். முதலில் தூரத்திலிருந்து வேகவைத்த ஈரல் துண்டைப் போட்டுவிட்டுப் போவது. பிறகு கையிலிருந்தே கொடுப்பது. அப்புறம் நெஞ்சைத் தடவுவது, அப்புறம் தாடை, கடைசியில் கழுத்து. தலைக்கு மேலிருந்து கை நீட்டக் கூடாது. அது முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அத்தோடு சரி. மழைக்காலம் முடியும்போது, கட்டிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த, பக்கிள் கண்ணாலும் பார்த்திராத ஒருத்தி வந்து மருந்தே போட்டுவிட்டாள். பெண்கள் கை தட்டினார்கள். மேகலா ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாவது தேதியை வாங்கி வந்தாள்.

ஏற்றுமதி ஆர்டர் நெருக்கிய சமயம் அது. எல்லோரும் விடியும் முன்னே போய் ராத்திரிதான் திரும்புவார்கள். பகலில் வீட்டில் இருப்பது வீட்டுக்காரர் மக்பூல் பாயின் மகள் ஹுமேரா ஒருத்திதான். காலேஜ் முடித்து, வரன் அமையும்வரை என்று முன்வீட்டுக்குள் வைக்கப்பட்டவள். அவளாகவே கேட்டாள்: "நான் பாத்துக்கறேன் மேகலாக்கா. எச்சில் பட்டா கழுவிட்டுத் தொழுதுக்கறேன்." பாய் தலையாட்டினார், ஒரு நிபந்தனையோடு: "எல்லார்கிட்டயும் நல்லாப் பழகட்டும். கடைசியா என் பொண்ணு தொடட்டும்." நியாயமாகத்தான் பட்டது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முந்தின நாள் ஹுமேரா தலைக்குக் குளித்து, ஈரலோடு வந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே பக்கவாட்டில் உட்கார்ந்தாள், மெதுவாகக் கையை நீட்டினாள். பக்கிள் ஒரு தடவை மோந்தது. அடுத்த நொடி பாய்ந்தது. துப்பட்டா கிழிந்து அதன் வாயில் தொங்கியது.

பாய் ஓடி வந்தார். "ஒரே பேஜாரா போச்சும்மா. இத எங்கனா கொண்டுபோய் வுட்டுடு. பொண்ணு கைய கடிச்சிருந்தா?"

மேகலா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெட்டி கட்டி வைத்திருந்தது. அக்கா காலையில் வந்துவிடுவாள். "அத்தினி பேரையும் தொட வுட்டுச்சே பாய். அத்தினி பேரும் அதுக்குப் புது ஆளுங்கதானே?"

ஹுமேரா கிழிந்த துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டே தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க எல்லாரும் ஒரே வாசனை."

"இன்னா வாசனை?"

"தோலு. ஒட்டற சொல்யூஷன். வாசல்ல வரும்போதே தெரியும். வந்தது நீங்களா அமிர்தவள்ளியக்காவான்னு கண்ண மூடிக்கினா எனக்கே தெரியாது."

மேகலா கையை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை ஆழமாக இழுத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வயரை வெட்டிய கைக்கும் இதே வாசனைதானே இருந்திருக்கும்? இத்தனை நாளும் இத்தனை பேரைக் கூட்டிவந்து, நாய்க்கு அவள் பழக்கியது தன் ஒருத்தியைத்தான்.

"உங்க ஏப்ரன குடுங்க," என்றாள் ஹுமேரா. "துவைக்காதது."

விறைத்துப்போன அந்த ஏப்ரனைச் சுத்தமான உடுப்பின் மேல் கட்டிக்கொண்டு, கம்பெனித் தோல் துண்டொன்றைக் கைகளில் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து: தூரம், கை, நெஞ்சு, தாடை. இருட்டும் நேரத்தில் பக்கிள் கழுத்தைக் காட்டியது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தாலும் காட்டியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலைந்து நாள் கழித்து அமிர்தவள்ளி வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்தாள். அவள் வார்டுக்குள் நுழையும்போதே மேகலாவுக்குக் குப்பென்று அடித்தது. தோல். சொல்யூஷன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் மூக்கைச் சேலையால் மூடினாள். இதைச் சுமந்துகொண்டா இத்தனை வருஷம் பஸ்ஸில் உட்கார்ந்தோம், கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தோம்? மேகலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசிய அதே நேரம் அமிர்தவள்ளியின் கையை இழுத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். "பக்கிள் சாப்பிடுதாடி?"

"புண்ணே காஞ்சிடுச்சுடி. அந்தப் பொண்ணு அத்தினி அருமையாப் பாத்துக்குது."

வீட்டுக்கு வந்த அன்று, ஆட்டோவிலிருந்து இறங்கும் முன்பே குரல் கொடுத்தாள். பக்கிள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. குனிய முடியாமல் கையை மட்டும் நீட்டினாள். அது மோந்தது. ஆஸ்பத்திரி சோப்பு, மருந்து. வால் நின்றது. பின்வாங்கிப் போய், ஏப்ரன் கட்டியிருந்த ஹுமேராவின் காலருகே ஒட்டிக்கொண்டது.

மேகலா இன்னும் கொஞ்சம் கையை நீட்டினாள். "நான்தான்டா," என்றாள். குரலுக்கு வால் அசைந்தது. கால் மட்டும் நகரவில்லை.

டாக்டர் சில மாதங்களுக்குக் கம்பெனிப் பக்கமே போகக் கூடாது என்றிருந்தார். கைக்குச் சோப்பு வாசனை வந்திருந்தது. அப்படியே விட்டால், அவளும் ஒரு சுத்தமான அந்நியக் கை. ஹுமேராவை நாய்க்குப் பழக்கியாயிற்று. இப்போது வேண்டுமானால் போகலாம், கலவைக்கு, அக்கா வீட்டுக்கு, எங்கே வேண்டுமானாலும். யாரும் வாசலை மறித்துப் படுத்திருக்கவில்லை.

"ஏப்ரன கழட்டு கண்ணு," என்றாள்.

வாங்கி, தையல் வலிக்க வலிக்க இடுப்பில் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பக்கிள் வந்தது, அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்தது.