உவர் ஏறிய கிணறு

எங்கள் தகப்பனான அப்பு உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. நடந்தார், குனிந்தார், ஏறினார், இறங்கினார். சோற்றைக்கூட நின்றபடி குழைத்து வாயில் போட்டுக்கொண்டு வாசல் படலையைப் பார்ப்பார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகிவிட்டு வந்தால், ஈரவேட்டி காயுமுன் தோட்டத்தில் நிற்பார்.

"கொஞ்சம் இருங்கோவன் அப்பு" என்பேன்.

"படுக்கிறதுக்குச் சுடலை கிடக்கு, பிள்ளை. இப்ப என்ன அவசரம்?"

தாய் தகப்பனை இளவயதிலேயே பறிகொடுத்தவர். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார். பிறகு எங்களை. தம்பிக்குக் கல்யாணமானபோது தோட்டத்தின் நடுவே வரம்பு போட்டுப் பாதியைக் கொடுத்தார். மண்ணைப் பிரிக்கலாம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? அது பங்குக் கிணறாக நின்றது. ஒரு நாள் தண்ணீர் எங்கள் முறை, மறுநாள் குஞ்சியப்புவின் முறை. அப்புவின் தம்பியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முறை யாருடையதானாலும் ஏற்றத் துலாவில் ஏறி மிதிப்பவர் அப்பு, கீழே நின்று தண்ணீர் வரும் ஓலைப் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பவர் குஞ்சியப்பு. வாய்க்காலில் ஓடிவரும் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிடுகிறவள் நான்.

முப்பதுகளில் ஓர் ஆண்டு மாரி பொய்த்தது. நான் அப்போது கல்யாணத்துக்கு நின்ற பெண். தையில் புகையிலைக் கன்று நட்டிருந்தோம். மாசியில் கிணற்றின் அடியிலிருந்த கல் தெரிந்தது. பட்டை கல்லில் முட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பு துலாவில் நின்றபடி கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார். கடைசியில் கூலிக்கு ஆட்களைக் கூட்டிவந்தார். கல் பிளக்கும் அலவாங்குகளைக் கிணற்றடியில் போட்டார். கல்லை உடைத்துக் கிணற்றை ஆழமாக்கப் போகிறாராம்.

"அண்ணை, உந்தக் கல்லை உடைக்காதேங்கோ. உதுக்குக் கீழை உவர் கிடக்கு" என்றார் குஞ்சியப்பு.

"உனக்கு ஆர் சொன்னது? கல்லு வந்து காதுக்கை சொன்னதோ?"

"கிழக்குத் தோட்டக்காரன்ரை கிணறு உப்பாப் போன கதை தெரியாதோ உங்களுக்கு?"

"அவன் சோம்பேறி. சோம்பேறியின்ரை கிணறு உவர்க்கத்தான் செய்யும். நீ பிறக்க முந்தி உதுக்குள்ளை இறங்கினவன் நான்."

கூலிக்காரர் சிரித்தார்கள். குஞ்சியப்பு சிரிக்கவில்லை. தமையன் சொல்லுக்கு மேல் சொல்லிப் பழகாத வாய் அது.

கல் பிளந்தது. தண்ணீர் பீறி எழுந்தது. அப்பு உள்ளே நின்று ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "தேன்! தேன்!" என்று கத்தினார். அந்தக் கிழமை ஏழு நாளும் தண்ணீர் வாய்க்கால் தளும்ப ஓடியது. செம்மண் குடித்தது, கன்றுகள் குடித்தன, நாங்களும் குடித்தோம். பிறகுதான் தண்ணீரில் மெல்ல உப்பு ஏறி, இலைகளின் நுனி கருகத் தொடங்கியது. எங்கள் பக்கமும் குஞ்சியப்புவின் பக்கமும் ஒன்றாகவே கருகின.

குஞ்சியப்புவின் மனைவி செம்பில் கிணற்றுத் தண்ணீரோடு வந்தா. அப்பு வாசலில் நிற்க, அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் நீட்டினா.

"பிள்ளை, உன்ரை அப்புவை இதைக் குடிச்சுப் பாக்கச் சொல்லு."

அப்பு வாங்கினார். அண்ணாந்து முழுச் செம்பையும் குடித்தார்.

"என்ன குறை? நல்ல தண்ணிதானே."

வாயைத் துடைத்த கை வாயிலேயே நின்றது.

அப்புவுக்குக் குளத்தடியில் வயலும் இருந்தது. குஞ்சியப்புவுக்கு அந்தப் பாதித் தோட்டத்தைத் தவிர வேறு காணி இல்லை. வீட்டில் சிறு பிள்ளைகள். கிணறு போனால் அந்தக் குடும்பம் போயிற்று. அது அப்புவுக்குத் தெரியாததல்ல.

"உடைச்ச இடத்தை அடைப்பம் அண்ணை" என்று குஞ்சியப்பு ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"அடைச்சால், நான் பிழை விட்டனெண்டு ஊருக்குப் பறையடிச்ச மாதிரி."

அதன் பிறகு அப்புவின் நடை வேறாகிவிட்டது. முன்பெல்லாம் வேலையை நோக்கி நடப்பார். இப்போது எதிலிருந்தோ விலகி நடந்தார். புத்தூர்ப் பக்கம் வரை போய், கண்ட கிணற்றிலெல்லாம் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார், துப்பினார், நடந்தார். வீட்டுக்கு வந்தால் தூணைச் சுற்றினார். அம்மா சோற்றுக் கோப்பையோடு அவர் பின்னால் நடந்தா. அவரைப் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்க என்னாலும் முடியவில்லை.

ஒரு மத்தியானம் குளத்துக் களிமண்ணை ஓலைக் கடகத்தில் சுமந்து வந்தார். ஒன்றல்ல, பல கடகம். துலாக் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினார். வயதுக்கு அது ஆகாத வேலை. மேலே நின்று களியை இறக்க என்னை வைத்தார். குஞ்சியப்பு வரம்பால் வந்தவர் நின்றார்.

"ஆர் உள்ளுக்கை?"

"அப்பு."

என் கையிலிருந்த கடகத்தை வாங்கித் தானே இறக்கினார்.

"களி காணாது. இன்னும் விடு" என்றது கீழிருந்து குரல்.

"கல்லும் விடட்டோ, அண்ணை?"

"சப்பட்டைக் கல்லாப் பாத்து விடு."

அவ்வளவுதான் பேச்சு. கல் உடைத்த வாயைக் களியாலும் கல்லாலும் அடைத்துவிட்டு, உப்புத் தண்ணீரை ஒழுங்கைத் தெருப் பக்கம் இறைத்துக் கொட்டினார்கள். பக்க ஊற்று கசிந்து கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊறியது. இரண்டு தோட்டத்துக்குக் காணாது. ஒன்றுக்குப் போதும்.

மறுநாள் எங்கள் முறை. மண்வெட்டியோடு எங்கள் வாய்க்காலுக்குப் போனேன்.

"அங்கை போ பிள்ளை. குஞ்சியப்புவின்ரை பக்கம்."

"இண்டைக்கு எங்கடை முறையல்லோ அப்பு?"

"போ எண்டு சொன்னனான்."

மழை வரும்வரை எங்கள் முறையெல்லாம் வரம்பைத் தாண்டி அந்தப் பக்கமே போயிற்று. எங்கள் புகையிலை நின்றபடியே காய்ந்தது. அந்தக் கட்டைகளை அப்பு தானே பிடுங்கினார். கூலிக்கு ஆள் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் அப்பு நெடுங்காலம் இருந்தார். என்னைக் கட்டிக்கொடுத்தார். உலகச் சண்டைக் காலத்தில் அரிசி கூப்பனுக்கு அளந்து வந்தபோது குரக்கன் தானியம் விதைத்து இரண்டு வீட்டுக்கும் களி கிண்டக் கொடுத்தார். முதுகு வளைந்தது. நடை நிற்கவில்லை.

அந்தச் சண்டை முடிந்த கையோடு ஒரு நாள் அப்புவும் நானும் மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போனோம். பழைய வியாபாரி ஒருவர் அப்புவைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கக் குரலெடுத்தார்.

"என்ன அம்மான், கிணறு எப்பிடி? இன்னும் ஆழமாக்கேல்லையோ?"

சுற்றி நின்றவர்கள் பல்லைக் காட்டினார்கள். அப்பு திட்டப் போகிறார் என்று நான் அவருடைய சால்வை நுனியைப் பிடித்தேன். அவர் வெங்காயச் சாக்கை இறக்கி வைத்தார்.

"உதை என்ரை தம்பியைக் கேளும். கிணத்துக் கதை அவனோடை. நான் சொன்னாப் பிழையாப் போகும்."

அப்பு வெங்காயத்தைக் கொட்டிவிட்டுச் சாக்கை உதறினார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தெருவின் அந்தப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.