இறுதிக்கட்டமும் ஒரு தட்டு வர்க்கியும்

பணி ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். மருத்துவம் தெரியாத ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. மாவட்ட அலுவலகத்தில் காலமெல்லாம் விதிப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். அந்தத் தகுதி எனக்குத் தாராளமாகவே இருந்தது.

அன்றைக்குப் பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. கோத்தகிரிப் பக்கத்து டீச்சர் ஒருவர், முப்பதுகளில் இருப்பவர். சாப்பாட்டைக் கண்டாலே பயந்து ஒதுங்கும் நோய் பல வருடங்களாக அவரை விடவில்லை. சேர்ப்பதும் தேற்றுவதும் வீட்டுக்கு அனுப்புவதும் மறுபடி சேர்ப்பதுமாக அலுத்துப்போன டாக்டர், கேஸ் ஷீட்டில் 'இறுதிக்கட்டம்' என்று எழுத ஒப்புதல் கேட்டார். எழுதிவிட்டால் வைத்தியம் நிற்கும். கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

டாக்டர் கல்நெஞ்சர் அல்ல. "மூக்குல ட்யூப் போட்டுக் கையைப் புடிச்சு வெக்கறதை இன்னும் எத்தனை தடவைங்க மேடம் செய்யறது? அது வைத்தியமா, சித்திரவதையா?" என்றார்.

"சாப்பாடு வேண்டாங்கறது அவங்களா, நோயாங்க?" என்றார் மனநலப் பிரிவு நர்ஸ்.

இரண்டும் நியாயம். நடுவில் டீயும் ஒரு தட்டு வர்க்கி பிஸ்கட்டும் வந்தன. மொறுமொறுவென்று கடித்தபடியே, சாப்பிட முடியாத ஒருவரின் சாவைப் பற்றி யோசித்தோம்.

நான் விதியை எடுத்துப் போட்டேன்: சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

"வெளிய பெஞ்சுலதானுங்க இருக்காங்க" என்று நர்ஸ் கதவைத் திறந்தார்.

அப்போது நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு அடங்குவதில்லை. டாக்டர் தட்டைப் பறித்து மேசைக்கடியில் மடியில் வைத்துக்கொண்டார். நர்ஸ் பாதி வர்க்கியைக் கோட் பைக்குள் திணித்தார். என் வாயில் முழு வர்க்கி. மெல்லாமல் விழுங்க முடியாது, மென்றால் ஊருக்கே கேட்கும்.

குல்லாவும் சால்வையுமாக வந்த டீச்சர் எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டர், மடியில என்னங்க?"

டாக்டர் கோட்டை இழுத்து மடியை மூடினார்.

"எடுத்து மேல வைங்க. எனக்குப் பயம்தானுங்க, அதுக்குன்னு அது என்னைக் கடிச்சுடாது. மேடம், நீங்க மெல்லுங்க. மூச்சு முட்டுனா, பெஞ்சு வரைக்கும் கேட்ட அந்த இறுதிக்கட்டத்தை உங்களுக்குப் போட வேண்டி வரும்."

எனக்குப் புரையேறியது, தூள் விதிப் புத்தகம் வரை பறந்தது. டாக்டர் சிரித்த குலுக்கலில் தட்டு கீழே விழுந்தது. டீச்சரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ட்யூப் வேண்டாமுங்க. ஆனா சாகறேன்னு நான் எப்பங்க சொன்னேன்? வேற மாதிரி வைத்தியம் பண்ணிப் பாருங்க. முடியலைன்னா நானே சொல்றேன். அந்த வார்த்தையை எழுதிப்புட்டா நானும் அதை நம்பிருவனுங்க."

வர்க்கித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த டாக்டர், மேசைக்கடியிலிருந்தே, "நான் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார். மேசைக்கடியிலிருந்து வாபஸ் பெறலாமா என்று விதியில் தேடினேன். தடை ஏதும் இல்லை. புதிய வைத்தியத்தை டீச்சரோடு உட்கார்ந்தே திட்டமிடுவது, இனி அவரில்லாமல் அவரைப் பற்றிக் கூடுவதில்லை என்று முடிவானது.

"வர்றனுங்க" என்று கிளம்பிய டீச்சர் வாசலில் திரும்பினார். "தட்டை ஒளிக்கக் கூடாதுன்னு அதையும் எழுதிக்குங்க மேடம்."

எழுதினேன். அது இன்னும் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைக்கடியில் குனிந்து சரிபார்ப்பது டீச்சர்தான்.